எந்தத் துப்பாக்கி என்பது கடைசிக் கேள்வி

மத்திய டெக்சாஸின் கரிசல் பகுதியில் பிப்ரவரிக் கடைசியில் மக்காச்சோள விதைப்பு தொடங்கிவிடும். நம் ஊர்க் கரிசலைப் போலவே மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் கறுப்பு மண். விதைக்கும் இயந்திரம் சால் பிடித்து, சீரான இடைவெளியில் விதையைப் போட்டு, மண்ணை மூடிவிட்டுப் போகும். அன்றிரவே பன்றிகள் வரும். சாலின் ஒரு முனையில் மண்ணுக்குள் நுழைந்த மூக்கு மறுமுனையில்தான் வெளியே வரும். நடுவில் ஒரு விதைகூடத் தப்பாது. விடிந்ததும் விவசாயி பார்ப்பது, இயந்திரம் போட்ட சாலின் மேலேயே மூக்கால் கிளறிய இன்னொரு சால். மறுபடியும் விதை வாங்கி, டீசல் ஊற்றி, பருவம் தவறி விதைக்க வேண்டும். அந்தக் காலையில் அவர் முதலில் நினைப்பது துப்பாக்கியை.

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் டெக்சாஸின் எல் பாசோவிலும் ஓஹையோவின் டேட்டனிலும் ஒரே நாள் இடைவெளியில் துப்பாக்கிச்சூடுகள் நடந்தன. ராணுவத் துப்பாக்கியின் சாயல்கொண்ட செமி ஆட்டோமேட்டிக் ஆயுதங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று அமெரிக்கா முழுக்கக் குரல் எழுந்தது. அப்போது ஆர்கன்சாவைச் சேர்ந்த ஒருவர் ட்விட்டரில் ஒரு கேள்வி கேட்டார். என் குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குள் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் 30 முதல் 50 காட்டுப்பன்றிகள் வந்துவிடுகின்றன, அவற்றை எப்படிக் கொல்வது என்று. ஒரு வாரம் உலகமே அதைச் சொல்லிச் சிரித்தது. தெற்கு மாநிலங்களின் விவசாயிகள் சிரிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டெக்சாஸின் அனாவாக் ஊருக்கருகே, முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு விடியும் முன் வந்த ஒரு பெண், வீட்டு வாசலிலேயே காட்டுப்பன்றிகளால் தாக்கப்பட்டு இறந்தார்.

அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்குக் கிடைத்த பதில்கள்தான் இரண்டு பக்கமும் அரைகுறையாக இருந்தன. ஒரு தரப்பு, பண்ணையில் இந்தத் துப்பாக்கிக்கு வேலையே இல்லை என்றது. மறு தரப்பு, துப்பாக்கி இருந்தால் பன்றிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றது. பண்ணைக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்குவது என்றால் உண்மையில் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும்? அது எங்கே உதவும், எங்கே கைவிடும்?

மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்

காட்டுப்பன்றி அமெரிக்காவின் பூர்வீக விலங்கு கிடையாது. 1539-ல் ஸ்பெயின் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது படைக்கு உணவாகப் பன்றிகளை ஓட்டிவந்தார். பிறகு வந்த குடியேறிகளும் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டே வளர்த்தார்கள். 1912-ல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் வேட்டைக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டார்கள். வேலி நிற்கவில்லை. 1930-களில் டெக்சாஸிலும் வேட்டை ஆசைக்காகவே அதே இனம் இறக்கப்பட்டது. தப்பி ஓடிய வீட்டுப் பன்றியின் ரத்தமும் இந்த இனத்தின் ரத்தமும் கலந்து உருவானதுதான் இன்றைய பன்றி.

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. வேளாண்மைக்கு நேரும் சேதம் ஆண்டுக்கு 250 கோடி டாலர் அளவுக்குப் போகிறது. டெக்சாஸில் மட்டும் சுமார் 26 லட்சம் பன்றிகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெண்பன்றி ஒரு வயது நிறையும் முன்பே சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு ஒரு கணக்குப் போட்டது. எண்ணிக்கை ஏறாமல் இருக்க வேண்டுமென்றாலே ஆண்டுதோறும் மொத்தப் பன்றிகளில் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும். வேட்டை, பொறி, ஹெலிகாப்டர் எல்லாம் சேர்த்து டெக்சாஸில் அகற்றப்பட்டதோ சுமார் 29 சதவீதம். இத்தனைக்கும் டெக்சாஸ் பன்றி வேட்டைக்குக் கதவை அகலத் திறந்துவிட்ட மாநிலம். காலவரம்பு கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவிலும் சுடலாம். 2011-ல் கட்டணம் கட்டிய வேட்டைக்காரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் சட்டம் இடம் கொடுத்தது. 2019 முதல் நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமமே வேண்டாம்.

ஒரு அழுத்தம், ஒரு குண்டு

செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் போகும். அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கி வேறு வகை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். அந்த நொடியில் கண் குறியை விட்டு விலகும், தோளும் அசையும். கூட்டமாக வரும் விலங்கு, அடிபட்டு ஓடும் விலங்கு, இருட்டு என்றால் கண்ணை எடுக்காமல் இரண்டாவது குண்டைச் செலுத்த முடிவது பெரிய வசதி. அடிபட்ட பன்றி புதருக்குள் கிடந்து மணிக்கணக்கில் சாவதைத் தடுப்பதும் அந்த இரண்டாவது குண்டுதான்.

அமெரிக்கப் பண்ணைகளில் மூன்று வகையை அதிகம் பார்க்கலாம். முதலாவது ரூகர் 10/22. 1964-ல் வந்தது. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின், துப்பாக்கியின் அடிப்பகுதிக்குள் அடங்கிவிடும். .22 லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டா போடுவது. இரண்டாவது ரூகர் மினி-14. ராணுவத்தின் எம்-14 துப்பாக்கியைச் சிறிதாக்கி 1970-களில் விற்பனைக்கு வந்தது. மரக்கட்டையும் பழைய பாணித் தோற்றமும் கொண்டது. இதன் ஒரு வடிவத்துக்கு 'ராஞ்ச் ரைஃபிள்' என்றே பெயர். பிக்கப் வண்டியின் பின்கண்ணாடித் தாங்கியில் நீண்டகாலம் பயணம் செய்த துப்பாக்கி. மூன்றாவது ஏ.ஆர்.-15. ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்து, 1959-ல் கோல்ட் நிறுவனம் உரிமை வாங்கி, 1964 முதல் பொதுமக்களுக்கு விற்றது. காப்புரிமை காலாவதியான பின் பல நிறுவனங்கள் செய்கின்றன. எடை குறைவு, உதைப்பு குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். உயரத்துக்கேற்பக் கட்டையை நீட்டலாம், குறுக்கலாம். கணவனும் மனைவியும் மகளும் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்தும் வீடுகளில் இது சாதாரண வசதி இல்லை.

இதே ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியால்தான் 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். யுவால்டி, பன்றிகள் நிறைந்த தெற்கு டெக்சாஸ் பண்ணை நாட்டில் இருக்கிறது. 18 வயது நிரம்பிய சில நாளில் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி அது. பண்ணையில் பயன் உண்டு என்பதும், பள்ளியில் நடந்ததும், இரண்டும் ஒரே நாட்டின், ஒரே மாவட்டத்தின் உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் துப்பாக்கி கைக்கு வரும். கலிஃபோர்னியாவில் மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. கழற்றக்கூடிய மேகசினோடு கைத்துப்பாக்கிப் பிடியும் சேர்ந்த செமி ஆட்டோமேட்டிக்கும் கூடாது. பிடி இல்லாத மரக்கட்டை மினி-14 அங்கே செல்லும். வாஷிங்டன் மாநிலமும் இல்லினாயும் 2023-ல் ஏ.ஆர். வகை விற்பனையைத் தடைசெய்தன. பென்சில்வேனியாவில் 2017 வரை எந்த வேட்டைக்கும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கூடாது என்றிருந்தது. அதன்பின் சிறு விலங்குகளுக்கும் ரோமத்துக்காகப் பிடிக்கும் விலங்குகளுக்கும் மட்டும் அனுமதித்தார்கள்.

குண்டில் இருக்கிறது விஷயம்

கடையில் எல்லோரும் துப்பாக்கியைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். விலங்கைக் கொல்வது குண்டு. அதனால் தேர்வு எந்த விலங்கு, எவ்வளவு தூரம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோழிப்பண்ணையைச் சுற்றும் ரக்கூன், தோட்டத்து முயல், கொட்டகைப் பெருச்சாளி, இவற்றுக்கு .22 தாராளம். சத்தம் குறைவு, தோட்டாவின் விலை மற்றதில் ஒரு சிறு பங்கு, உதைப்பு என்று ஒன்றே இல்லை. எழுபது, எண்பது மீட்டருக்குள் துல்லியம். சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியம் மட்டும் கூடாது. அதன் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், குண்டு ஒன்றரை மைல் போகும் என்று. மெதுவாகப் போகும் திடமான ஈயக்குண்டு, குட்டைத் தண்ணீரிலும் கெட்டித் தரையிலும் பட்டுத் தெறித்து எங்கோ போகும். வேகமான குண்டுகளைவிட இதில் தெறிப்பு அதிகம்.

கயோட்டி என்ற ஓநாய்க் குடும்ப விலங்குக்கும், மேற்கு மாநிலப் புல்வெளிகளில் வளை தோண்டும் பிரெய்ரி நாய்க்கும் .223 ரெமிங்டன். பிரெய்ரி நாய் பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம். மூன்று நான்கு கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகும். இதற்கென்றே மெல்லிய செம்பு உறையும் பிளாஸ்டிக் மூக்கும் வைத்த குண்டுகள் உண்டு. பட்டவுடன் உள்ளேயே பொடியாகும். சின்ன விலங்கு நொடியில் சாகும், குண்டு தெறித்து அடுத்த நிலத்துக்குப் போகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் முந்நூறு மீட்டரில் பிரெய்ரி நாயைச் சுட வேண்டுமென்றால் கனமான குழல் கொண்ட போல்ட் ஆக்‌ஷனே என் தேர்வு. அந்த வேலைக்கு வேகம் தேவையில்லை. பொறுமை தேவை. அதோடு, பிரெய்ரி நாயை ஒழிப்பதே சரியா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அழிந்தே போனதென்று எண்ணி, 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்சியில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட கருங்கால் மரநாய்க்கு உணவும் வீடும் அந்தப் பிரெய்ரி நாய்தான்.

பன்றிக்கு வந்தால் கதையே மாறுகிறது. மேலே சொன்ன பொடியாகும் குண்டைப் பன்றியின் மேல் செலுத்தினால் தோலுக்கும் தோள் சதைக்கும் நடுவிலேயே வெடித்து நின்றுவிடும். வயதான ஆண்பன்றியின் தோளில் சேறும் தழும்பும் கெட்டித்த தசைநாரும் சேர்ந்து விரலளவு தடிப்பில் ஒரு கேடயம் வளர்ந்திருக்கும். அந்தக் காயத்தோடு பன்றி ஓடிப்போய் சில நாள் கழித்து எங்கோ சாகும். இதைவிடக் கொடுமை வேறில்லை. .223-ஐத்தான் வைத்திருக்கிறோம் என்றால் உடையாமல் ஆழமாகப் போகும் முழுச்செம்புக் குண்டோ உறையோடு ஒட்டிய ஈயக்குண்டோ போட வேண்டும். தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் நல்லது .308 வின்செஸ்டர். ஏ.ஆர்.-15-ன் பெரிய அண்ணனான ஏ.ஆர்.-10 வகையில் அது கிடைக்கும். எடையும் கூடும், தோளும் நோகும்.

பன்றியின் இதயம் மானைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. மான் சுட்டுப் பழகியவர்கள் மானுக்குப் பார்க்கும் இடத்தில் பார்த்தால் குண்டு உயரப் போய்விடும். முன்னங்காலுக்கு நேர்மேலே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி இருக்க வேண்டும்.

இடையில் .300 பிளாக்அவுட் என்று ஒரு தோட்டா. 2011-ல் தரநிலை பெற்றது. குறைந்த தூரத்துக்கு நல்லது. சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரோடு சுட ஏற்றது என்பதால் இரவு வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இது ஏ.ஆர்.-15-ன் அதே மேகசினில் உட்காரும், அதே இயக்கத்தில் ஓடும். இரண்டு காலிபர் துப்பாக்கிகளும் ஒரே வீட்டில் இருந்து, இருட்டில் .300 மேகசினை .223-ல் மாட்டிவிட்டால் குழல் வெடிக்கலாம். சுடுபவரின் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் பூசுகிறார்கள். என்னைக் கேட்டால் பண்ணை வீட்டில் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இதேபோல .223 என்று மட்டும் பொறித்த குழலில், அழுத்தம் அதிகமான ராணுவ 5.56 தோட்டாவைப் போடக் கூடாது. 5.56 குழலில் .223 போடலாம். குழலின் மேல் பொறித்திருப்பதை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

ஈயத்தைப் பற்றி ஒன்று. சுட்டு வயலில் விட்டுவிட்ட உடலில் ஈயத்துகள் சிதறிக் கிடக்கும். அதைத் தின்னும் கழுகும் வல்லூறும் விஷமேறிச் சாகின்றன. கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகைக் காப்பாற்றத் தொடங்கிய முயற்சியின் விளைவாக, 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கைச் சுடவும் ஈயமில்லாத குண்டே போட வேண்டும் என்பது சட்டம். மற்ற மாநில விவசாயிகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செம்புக் குண்டு விலை கூடுதல்தான், பன்றிக்கு அதுதான் பொருத்தமும்கூட.

இருட்டில் தெரிவதும் தெரியாததும்

ஓரிரண்டு முறை சுட்டுவிட்டால் பன்றிகள் பகலில் தலைகாட்டுவதையே விட்டுவிடும். அதனால் டெக்சாஸில் பன்றி வேட்டை என்றால் இரவு வேட்டை. உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப் இப்போது பரவிவிட்டது. நல்ல கருவியின் விலை பல நேரம் துப்பாக்கியின் விலையைத் தாண்டும். துப்பாக்கியில் மிச்சம்பிடித்து இதில் செலவு செய்யுங்கள் என்றே அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பார்க்க முடியாத விலங்கைச் சரியாகச் சுட முடியாது.

தெர்மலில் வெள்ளையாக ஒளிரும் உருவம் பன்றிதானா? முந்நூறு மீட்டரில், உயர்ந்த புல்லுக்குள் பாதி மறைந்த கன்றுக்குட்டியும் அப்படித்தான் ஒளிரும். முள்கம்பி வேலி தெரியாமலே போகலாம். பக்கத்துப் பண்ணை வீட்டின் ஜன்னலுக்குள் இருக்கும் ஆளைத் தெர்மல் காட்டாது, கண்ணாடியை அது ஊடுருவாது. .223 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. டெக்சாஸ் கடற்கரைச் சமவெளியில் மூன்று கிலோமீட்டருக்குக் குன்றும் இல்லை, மேடும் இல்லை.

அதனால் பண்ணையில் எங்கே நின்று எந்தத் திசையில் சுடலாம் என்பதைப் பகலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். குளத்துக் கரை, ஓடையின் எதிர்க்கரை என்று குண்டை வாங்கிக்கொள்ளும் மண் பின்னால் இருக்கும் இடங்களில் தீவனத்தைக் கொட்டி, பன்றியை அங்கே வரவைக்க வேண்டும். கொஞ்சம் உயரத்தில், பலகை மேடையில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு தரைக்குள் போகும். செமி ஆட்டோமேட்டிக்கின் ஆபத்தும் இங்கேதான். முதல் குண்டு, பார்த்து யோசித்துச் சுட்டது. கூட்டம் சிதறி ஓடியதும் குழல் அதன்பின்னால் திரும்புகிறது. மூன்றாவது, நான்காவது குண்டு போகும் திசையில் மண்கரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முப்பது தோட்டா மேகசின் இருந்தாலும் குழல் திரும்பக்கூடிய எல்லையை இரண்டு கம்பம் நட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. அதைத் தாண்டினால் விரல் விசையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். .223-ன் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140-லேயே காது நிரந்தரமாகக் கெடலாம். சைலன்சர் அதை இருபது முப்பது டெசிபல் குறைக்கும். 1934 முதல் அதற்கு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் வரி இல்லை, அரசிடம் பதிவு மட்டும் தொடர்கிறது. சைலன்சர் போட்டாலும் காதுக்கவசம் வேண்டும்.

வீட்டுக்குள்

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் செமி ஆட்டோமேட்டிக்கின் பெரிய கண்ணி. கடைசியாகச் சுட்டபோதே அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். மேகசினை எடுத்தபின் போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, அப்படியே திறந்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் போல்ட்டை இழுத்து, பிறகு மேகசினைக் கழற்றினால் இன்னொரு தோட்டா உள்ளே போயிருக்கும். பிக்கப் வண்டியில் ஏறும்போதும் வீட்டுப் படி ஏறும்போதும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கிராமப்புறங்களில் துப்பாக்கித் தற்கொலை விகிதம் நகரங்களைவிட அதிகம். விளைச்சல் பொய்த்து, கடன் ஏறி, தனியாகக் கிடக்கும் விவசாயியின் வீட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் தோட்டா நிறைந்த துப்பாக்கி இருப்பது என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததா? பூச்சிமருந்து டப்பா நம் கிராமங்களில் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். பூட்டிய இரும்புப் பெட்டியின் விலையைத் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், அந்த மாதங்களில் துப்பாக்கியை வேறொருவர் பொறுப்பில் விடுவதில் எந்த வெட்கமும் இல்லை. எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று பேசும் பல மணி நேரப் பேச்சில் இதற்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

டென்னசியில் நடந்தது

இனி துப்பாக்கி தோற்கும் இடம். டென்னசி மாநிலத்தில் 1980-கள்வரை காட்டுப்பன்றி இரண்டே பகுதிகளில்தான் பெரும்பாலும் இருந்தது. கிழக்கு மலைகளிலும் கம்பர்லேண்ட் பீடபூமியிலும். பரவுவதைத் தடுக்க 1999-ல் மாநிலம் முழுக்க, எண்ணிக்கை வரம்பில்லாமல் வேட்டையைத் திறந்துவிட்டார்கள். பன்றி அதிகம் பரவியது அதற்குப் பிறகுதான். வேட்டைக்குக் கிராக்கி வந்ததும், பன்றியே இல்லாத ஊர்களுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். 95 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ஏறக்குறைய 80-ல் பன்றி வந்துவிட்டது. 2011-ல் அரசு பொது வேட்டையை மூடியது. சொந்த நிலத்தில் விவசாயி சுடும் உரிமை மட்டும் இருக்கிறது. கன்சஸ் 2006-லேயே பொழுதுபோக்குப் பன்றி வேட்டையைத் தடைசெய்தது. அங்கே இன்றும் பன்றி மிகக் குறைவு. மிசூரி 2016-ல் தன் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையை நிறுத்தியது. பன்றியைப் பார்த்தால் சுடாதீர்கள், தகவல் சொல்லுங்கள் என்று அங்கே அரசே கேட்டுக்கொள்கிறது.

காரணம் பன்றியின் புத்தி. இருபது பன்றிக் கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மீதி பதினெட்டும் பாடம் கற்றுக்கொள்ளும். இடம் மாறும், நேரம் மாற்றும், இன்னும் உஷாராகும். பக்கத்துப் பண்ணைக்குப் போய்ச் சில வாரத்தில் திரும்பி வரும். அதற்குள் குட்டி போட்டிருக்கும்.

வேலைக்காவது பெரிய பட்டிப் பொறி. ஐந்தடி உயரம், பதினாறடி நீளமுள்ள கம்பித் தட்டிகளை வட்டமாக நிறுத்தி, இரும்பு முளை அடித்துக் கட்டுவார்கள். மூலை இருக்கக் கூடாது. மூலை இருந்தால் பன்றிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். கதவைத் திறந்தே வைத்து, புளித்த மக்காச்சோளத்தைக் கொட்டி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ சும்மா தின்னவிட வேண்டும். மரத்தில் கட்டிய கேமரா ஒவ்வொரு இரவும் எத்தனை பன்றி வந்தது என்று கைபேசிக்குப் படம் அனுப்பும். கூட்டத்தில் இருபது என்றால் இருபதும் உள்ளே வரும் இரவுவரை கதவைத் தொடக் கூடாது. பத்தொன்பது உள்ளே இருந்தாலும் காத்திருக்க வேண்டும். எல்லாம் வந்ததும் படுக்கையிலிருந்தபடியே கைபேசியில் ஒரு தட்டு, கதவு விழும்.

விடிந்தபின் அந்தப் பொறிக்குப் பக்கத்தில் தேவைப்படுவது கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் .22 ரைஃபிள். அருகில் நின்று, தலையில் ஒரே குண்டு. பத்துத் தோட்டா செமி ஆட்டோமேட்டிக்கின் வேகம் இங்கே உண்மையில் உதவுகிறது. மற்ற பன்றிகள் மிரண்டு முட்டி மோதும் நேரம் குறைகிறது. உடலைத் தொடும்போது ரப்பர் கையுறை போட வேண்டும், பன்றியிடமிருந்து புருசெல்லோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும்.

பொறியைக் கண்டு விலகிப்போகும் கிழட்டு ஆண்பன்றி ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அவை தனியாகத் திரிபவை. தெர்மல் ஸ்கோப் வைத்த .308-க்கு வேலை அங்கேதான். ஆக, மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டிருக்கும் டெக்சாஸ் விவசாயி என்னிடம் கேட்டால், கையிலிருக்கும் பணத்தில் முதலில் பொறியும் கேமராவும், அடுத்து ஒரு .22, அதோடு சேர்த்தே பூட்டுப் பெட்டி, கடைசியாகப் பன்றிக்கான பெரிய ரைஃபிளும் ஸ்கோப்பும் என்பேன்.

இன்னொன்று பக்கத்து நிலத்துக்காரர். டெக்சாஸில் நிலத்தை வேட்டைக்குக் குத்தகை விட்டுப் பிழைப்பவர்கள் அநேகம். விவசாயிக்கு நஷ்டமாகும் பன்றி அவர்களுக்கு வருமானம். வேலிக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்ந்துகொண்டே இருந்தால் இந்தப் பக்கம் எத்தனை பொறி வைத்தும் காலியாகாது. 2018 வேளாண் சட்டத்தில் பன்றி ஒழிப்புக்கென 7.5 கோடி டாலரில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கினார்கள். பல மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள நில உரிமையாளர்களைச் சேர்த்து, வேளாண் துறை ஆட்களே வந்து பன்றியைப் பிடிப்பார்கள், பொறியை இரவலாகவும் தருவார்கள். அந்தப் பகுதிக்குள் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் தங்கள் மாவட்ட வேளாண் அலுவலகத்துக்குப் போய், பொறி கிடைக்குமா, பக்கத்தில் யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடலாம்.